வெயில் இலவசம், மதியம் இலவசமில்லை

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு, கச்சேரிக்கு, ஓட்டல் சாம்பாருக்குக்கூட எழுதுகிறோம். அந்த சாம்பாரை வேகவைத்த அடுப்புக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. குறையைத் தீர்க்க இந்த வாரம் ஓர் அடுப்புக்கு விமர்சனம். நெருப்பு இல்லாத அடுப்பு. சூரிய அடுப்பு.

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சபை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு கட்சி, ‘வெயில் சும்மாதானே கிடக்கு, பிடிச்சு சமைக்க வேண்டியதுதானே?’ என்று கேட்கும். இன்னொரு கட்சி, ‘வெயில்ல வடாம் காயும், சோறு வேகுமா?’ என்று சிரிக்கும். இரண்டு கட்சிக்கும் பாதி மார்க்தான். சோறு நன்றாகவே வேகும். வெயில் ‘சும்மா’ கிடைக்கிறது என்பதில்தான் எனக்குத் தகராறு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எந்தக் கருவியையும் அது சந்தோஷமாக வேலை செய்யும் இடத்தில் வைத்து முதலில் பார்ப்பதுதான் நியாயம். சூரிய அடுப்புக்கு அப்படி ஓர் இடம், கரன்ட் கம்பி எட்டாத வெட்டவெளி. டெண்ட் அடித்தோ, வண்டியிலேயே வீடு கட்டிக்கொண்டோ தங்குகிறவர்களின் இடம்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் மேற்கு ஓரம் குவார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பாலைவனம். அங்கே அரசாங்க நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். வடக்கே பனி கொட்டும் மாதங்களில், ரிட்டயரான தாத்தா பாட்டிகள் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கிவிடுவார்கள். பெரும்பாலும் மின் இணைப்பு கிடையாது. வண்டிக் கூரையில் சோலார் பேனல், உள்ளே பேட்டரி, கொஞ்சம் கேஸ், அளந்து செலவழிக்கும் தண்ணீர். இந்த மாதிரி முகாம்வாசிகளிடம் சூரிய அடுப்புக்கு ஒரு விசுவாசமான ரசிகர் மன்றமே உண்டு.

‘பேனல்தான் இருக்கே, இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்ளலாமே?’ என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில் இருப்பது மொத்தமே 1.2 யூனிட். இண்டக்‌ஷனை 1200 வாட்டில் வைத்தால் ஒரே மணி நேரத்தில் பேட்டரி காலி. ராத்திரி விளக்கு, செல்போன், ஃபிரிட்ஜ் எல்லாம் அம்போ. தவிர, பேனல் தன்மேல் விழும் வெயிலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். சாதத்துக்கு வேண்டியது வெறும் சூடு. வெயிலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சூடாக்குவது, பாலைத் தயிராக்கித் திரும்பப் பாலாக்கப் பார்க்கிற மாதிரி.

இன்னொரு காரணம் கொஞ்சம் சீரியஸானது. 2011-இல் அரிசோனாவின் கிழக்குப் பக்கம் முகாம் போட்ட இரண்டு பேர், மூட்டிய தீயைச் சரியாக அணைக்காமல் நடக்கக் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தீ 5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டு அடங்கியது. அந்த மாநிலம் கண்ட மிகப் பெரிய காட்டுத்தீ அது. காய்ந்த புல்லில் தீ என்ன வேகத்தில் ஓடும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து நாமும் தெரிந்துகொண்டோம். காட்டோரம் தங்குகிறவனுக்கு, பொறி பறக்காத அடுப்பு ஒரு ஃபேஷன் இல்லை, பாதுகாப்பு.

சரி, எப்படி வேலை செய்கிறது? ரகசியம் ஒன்றுமில்லை. வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திவிட்டுப் போன காருக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தவர்களுக்கு முழு விஞ்ஞானமும் தெரியும். வெளிச்சம் கண்ணாடி வழியே உள்ளே போகிறது. கறுப்புப் பரப்பு அதை விழுங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டைக் கண்ணாடி சுலபத்தில் வெளியே விடுவதில்லை. காருக்குப் பதில் ஒரு பெட்டி, சீட்டுக்குப் பதில் ஒரு கறுப்புப் பாத்திரம். அவ்வளவுதான்.

வேகம்தான் விஷயம். உச்சி வெயிலில், மேகம் இல்லாத நாளில், ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறக்குறைய 1000 வாட். நம் பெட்டியின் கண்ணாடி அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால் கால் சதுர மீட்டர். மூடியில் இருக்கும் கண்ணாடி தள்ளிவிடுவதையும் சேர்த்தால் சுமார் 300 வாட். கசிவுகள் போக, பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது 100 வாட்டுக்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ அரிசியையும் அரை லிட்டர் தண்ணீரையும் 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக இந்தச் சூட்டில் முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். பெட்டியே சூடாக ஒரு அரை மணி, அரிசி வேக ஒரு அரை மணி. ஆகமொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய. கேஸ் அடுப்பு அந்த 100 டிகிரியை மூன்று நான்கு நிமிஷத்தில் எட்டிவிடும்.

‘இதுக்கு எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?’ என்று புரட்டிவிடாதீர்கள். இந்த மந்தத்தில் ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. 100 வாட்டில் எதுவும் அடிப்பிடிக்காது. கிளற வேண்டாம், பொங்கி வழியாது, விசில் எண்ண வேண்டாம். காலை பத்து மணிக்கு அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து மூடிவிட்டு மலையேறப் போய்விடலாம். இரண்டு மணிக்குத் திரும்பினால் ஆவி பறக்கும் சாப்பாடு. கொஞ்சம் லேட்டானால்கூட அடுப்பு கோபித்துக்கொள்ளாது. முகாமில் இருப்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை.

சூரிய அடுப்பில் நான்கு ஜாதி உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் பெட்டி. 1980-களில் நம் அரசு மானியத்தில் கொடுத்ததே, சூட்கேஸ் மாதிரி, உள்ளே நான்கு கறுப்புக் கிண்ணங்களோடு, அதுதான். சாதம், பருப்பு, காய், கேக் எல்லாவற்றுக்கும் உத்தமம். முட்டையைத் தண்ணீரே இல்லாமல் வேகவைக்கலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். ஒரே நிபந்தனை, ‘வெந்துடுச்சா?’ என்று அடிக்கடி திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு தரிசனத்துக்கும் கால் மணி நேரம் அபராதம்.

பெட்டியில் ஒரு சுவாரஸ்யமான வித்தியாசம் கவனித்தேன். நம்முடையது தரையில் தட்டையாகப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும். அமெரிக்கப் பெட்டிகளுக்கு முதுகில் ஒரு கால் இருக்கும், சாய்ந்து நிற்கும். உள்ளே தட்டு ஊஞ்சல் மாதிரி ஆடி, குழம்பு சிந்தாமல் காப்பாற்றும். காரணம் அட்சரேகை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் நடுப்பகலில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழலே காலடியில் ஒளிந்துகொள்ளும். டிசம்பரில்கூட நடுப்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்துக்கு வரும். குவார்ட்ஸைட்டில் அதே டிசம்பரில் 33 டிகிரிதான். தட்டைப் பெட்டி அங்கே பாதி வெயிலைக் கோட்டைவிடும். ஆக, சூரியன் குறைவாக எட்டிப்பார்க்கும் ஊரில் அடுப்பைச் சாய்த்துவைத்துக் கொண்டாடுகிறார்கள். தலைக்கு மேல் எரிக்கும் ஊரில் நாம் அதைப் பரணில் போட்டோம். ஏன் என்பதுதான் இந்த விமர்சனத்தின் மையக் கேள்வி.

இரண்டாவது மடக்கு அடுப்பு. அட்டையில் பளபளக்கும் ஃபாயில் ஒட்டி, நாலு பக்கமும் மடித்து நிறுத்தி, நடுவில் கறுப்புப் பாத்திரம். பாத்திரத்தைச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால், பைதான் கண்ணாடி. ஏறத்தாழ காசே இல்லை, மடித்தால் பைக்குள் போய்விடும். முதல் பலத்த காற்றில் பக்கத்து டெண்டுக்கும் போய்விடும். நாலு கல் அவசியம்.

மூன்றாவது வட்டில். டிஷ் ஆன்டெனா மாதிரி பெரிய குழிக் கண்ணாடி, குவியத்தில் பாத்திரம். 1.4 மீட்டர் வட்டில் ஒன்று கேஸ் அடுப்புக்குச் சவால் விடும். இதில் எண்ணெய் காயும், கடுகு வெடிக்கும், பூரி உப்பும். ஆனால், பத்து பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சூரியனைப் பார்த்துத் திருப்ப வேண்டும். கூலிங்கிளாஸ் போடாமல் பக்கத்தில் போகக் கூடாது. வேலை முடிந்ததும் மூடிவைக்காமல் விட்டால், குவியம் எங்கே விழுகிறதோ அங்கே தீ. பொறி பறக்காத அடுப்பு என்று மேலே சொன்னேனே, இந்த ஜாதிக்கு அது பொருந்தாது.

நான்காவது குழாய். நம் மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரில் வரிசையாக இருக்கிறதே, அதே இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய், நடுவே வெற்றிடம். ஃபிளாஸ்க்குக்குள் வெயிலை ஊற்றின மாதிரி. வெளியே குளிர் காற்று அடித்தாலும் உள்ளே 200 டிகிரி சுலபமாகத் தாண்டும். பத்தாண்டுகளுக்கு மேலாக அமெரிக்க முகாம்வாசிகளின் செல்லப்பிள்ளை இது. காய்கறி, இறைச்சி, மீன் எல்லாம் நீள நீளமாக நறுக்கி உள்ளே தள்ளிவிட வேண்டியது. நம் கோணத்தில் ஒரே குறை, இட்லி நுழையாது.

இரண்டு எச்சரிக்கைகள். பெட்டி அடுப்பில் ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே வைக்காதீர்கள். பச்சை ராஜ்மாவில் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. 100 டிகிரியில் பத்து நிமிஷமாவது கொதித்தால்தான் அது அடங்கும். 80 டிகிரியிலேயே மெதுவாக வெதும்பினால் வயிற்றைப் புரட்டிப் போட்டுவிடும். அடுத்தது, பாதி வேகும்போது மேகம் வந்துவிட்டால், வெதுவெதுப்பாகவே சாயங்காலம்வரை விட்டுவைக்காதீர்கள். 5 டிகிரிக்கும் 60-க்கும் நடுவே கிருமிகளுக்கு விருந்து. முகாமுக்குக் கொஞ்சம் கேஸும் எடுத்துப்போவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு போனஸ். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கக்கூட வேண்டாம், 65 டிகிரியில் கொஞ்ச நேரம் இருந்தாலே நோய்க்கிருமிகள் காலி. அந்தச் சூட்டுக்குச் சற்று மேலே உருகுகிற மெழுகை ஒரு சின்னக் குழாயில் அடைத்துத் தண்ணீரில் தொங்கவிடுவார்கள். மெழுகு உருகிக் கீழே இறங்கியிருந்தால் குடிக்கலாம். தெர்மாமீட்டர் வேண்டாம், எழுதப் படிக்கவும் தெரிய வேண்டாம். இந்த விஷயத்தில் நான் பார்த்ததிலேயே அழகான கண்டுபிடிப்பு இதுதான்.

இனி சரித்திரம். இந்த அடுப்பின் வெற்றிக் கதைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு ஒற்றுமை பளிச்சென்று தெரியும்.

ஜெனீவாவைச் சேர்ந்த ஸோஸ்யூர் 1767-இல் கண்ணாடிப் பெட்டிக்குள் கண்ணாடிப் பெட்டியாக அடுக்கி, வெயிலில் வைத்துப் பழம் வேகவைத்தார். ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் 1834 முதல் 1838 வரை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் தங்கி, தென்வானத்து நட்சத்திரங்களைக் கணக்கெடுத்தார். ராத்திரிதான் டெலஸ்கோப் வேலை. பகலில், உள்ளே கறுப்படித்த மரப்பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டு, சுற்றிலும் மணலைக் குவித்துச் சமைத்துப் பார்த்தார். 115 டிகிரி வந்தது. முட்டையும் இறைச்சியும் வெந்தன. வேடிக்கை பார்த்தவர்களும் ருசித்துச் சாப்பிட்டார்கள். 1881-இல் சாமுவேல் லாங்லி கலிபோர்னியாவில் விட்னி மலைமேல் சூரிய வெப்பத்தை அளக்கப் போனபோது, சுற்றிலும் பனி கிடக்க, அவருடைய பெட்டிக்குள் மட்டும் சூடு கொதிநிலையைத் தாண்டியது.

நம் நாட்டுக் கதை இன்னும் ருசி. 1870-களில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் டெபுடி ரிஜிஸ்திராராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், கோர்ட் கட்டுகளுக்கு நடுவே எட்டுக் கண்ணாடிகளை எண்கோணமாக நிறுத்தி ஓர் அடுப்பு செய்தார். ஜனவரி மாதத்தில், இரண்டே மணி நேரத்தில், ஏழு சிப்பாய்களுக்கான இறைச்சியும் காய்கறியும் அதில் வெந்துவிடும் என்று எழுதினார். 1878-இல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

ஒற்றுமை தெரிகிறதா? பயணத்தில் இருக்கும் வானியல் அறிஞர், மலையேறின பௌதிகக்காரர், பாசறையில் இருக்கும் சிப்பாய். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் முகாமில் இருப்பவர்கள். யாருக்கும் எட்டு மணி ஸ்கூல் வேன் கிடையாது. ஏழரைக்கு டிபன் பாக்ஸ் கட்டச் சொல்லி யாரும் நிற்கவில்லை. சாப்பாட்டு வேளை சூரியனுக்கு வளைந்து கொடுக்கும் இடத்தில், சூரிய அடுப்பு ஜெயிக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் 1950-களில் ஒரு வட்டில் அடுப்பை வடிவமைத்தது. கடைக்கும் வந்தது, விற்கவில்லை. 1980-களில் மானியத்தோடு பெட்டி வந்தது. வாங்கினார்கள், வாங்கின ஜோரில் கேரட் அல்வா செய்து பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார்கள். அப்புறம்? மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, கண்ணாடி மங்கி, உள்ளே பல்லி குடித்தனம்.

‘நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதாது’ என்று அப்போது சொன்னார்கள். இன்றைக்கும் கூட்டங்களில் சொல்கிறார்கள். இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அந்தப் பெட்டியைப் பரணில் போட்ட அம்மாள் அதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் போட்டாள். அவள் கணக்கைப் பாருங்கள். காலை டிபன் எட்டு மணிக்குள். சூரியன் அப்போதுதான் சோம்பல் முறிக்கிறது. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல். சூரியன் வீட்டுக்குப் போய்விட்டது. மிச்சம் மதியம். அதில் சாம்பாருக்குப் பருப்பு வேகும், தாளிக்க முடியாது. கடுகு வெடிக்க வேண்டிய சூடு பெட்டியில் இல்லை. அதற்கு கேஸைப் பற்றவைத்தே ஆக வேண்டும். பற்றவைத்தபின், ‘சாதத்தையும் இதிலேயே வைத்துவிடலாமே’ என்று தோன்றுவது எந்த ஊர் அறியாமை? தோசைக்கும் அப்பளத்துக்கும் இதே கதி. இத்தனைக்கும் மேலே, வெயிலில் மாடி ஏறி, பெட்டியைத் திருப்பி, காக்கா விரட்டி, மழை தூறினால் ஓடி வந்து இறக்கி... வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது சாத்தியமே இல்லை.

வெயில் இலவசம் என்று சொன்னவர்கள் இந்த மதிய நேரத்தைக் கணக்கில் எழுதவே இல்லை. கேஸ் அடுப்பு கேஸை எரிக்கிறது. விறகடுப்பு விறகை எரிக்கிறது. சூரிய அடுப்பு எரிப்பது ஒருவருடைய பகல் பொழுதை. முகாமில் இருப்பவன் பொழுதைச் செலவழிக்கத்தான் வந்திருக்கிறான். அவனுக்கு அது விலையில்லாப் பொருள். வீட்டில் இருப்பவளுக்கு அதுதான் கையில் இருக்கும் ஒரே சேமிப்பு.

முகாம் என்றதும் நமக்கு டெண்டும் கிட்டாரும் மட்டும் ஞாபகம் வருவதில்லை. மண்டபம் என்று சொன்னாலே வேறொரு முகாம் நினைவுக்கு வரும் ஊர்க்காரர்கள் நாம். அகதி முகாமும் கரன்ட் கம்பி எட்டாத இடம்தான். ஒரே வித்தியாசம், அங்கே யாரும் ஆசைப்பட்டுப் போய்த் தங்குவதில்லை. சூரிய அடுப்பின் நிஜமான பரீட்சை நடந்ததும் அங்கேதான்.

கென்யாவின் வடமேற்கில் காகுமா அகதி முகாம். ரேஷனில் தானியம் கொடுத்தார்கள், அதை வேகவைக்கப் போதுமான விறகு கொடுக்க முடியவில்லை. சமைக்க விறகு வாங்குவதற்காக, சமைக்க வேண்டிய தானியத்தில் ஒரு பங்கை விற்றார்கள். அங்கே 1995 முதல், நான் மேலே சொன்ன அட்டை அடுப்பைக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். சூடானின் டார்ஃபூர் போரில் தப்பி சாட் நாட்டுக்கு ஓடியவர்கள் தங்கிய இரிடிமி முகாமில் 2006 வாக்கில் பெண்களே அட்டையை வெட்டி ஃபாயில் ஒட்டித் தங்கள் அடுப்பைச் செய்துகொண்டார்கள். அங்கே விறகுத் தட்டுப்பாட்டைவிட பயங்கரமான காரணம் ஒன்று இருந்தது. விறகு பொறுக்க முகாமைத் தாண்டிப் போன பெண்களையும் சிறுமிகளையும் வழியில் தாக்கினார்கள், பலாத்காரம் செய்தார்கள். அட்டை அடுப்பு ஒரு நடையைக் குறைத்தால் ஓர் ஆபத்து குறைகிறது. அப்படிக் குறைந்ததாகவே அந்தத் திட்டத்தைப் பார்த்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே வேளை பிரச்னையும் அவ்வளவாக இல்லை. பாலைவன வெயில், கஞ்சியும் பருப்பும்தான் சாப்பாடு, தாளிப்பு இல்லை. அடுப்பு பாஸ். ஆனால், அதற்குப் பின்னால் வந்த பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ‘அடுப்பு கொடுங்கள், பெண்களைக் காப்பாற்றுங்கள்’ என்று உலகம் முழுக்க நிதி திரட்டினார்கள். ஆயுதம் வைத்திருக்கிறவனை விட்டுவிட்டு விறகை வில்லனாக்கினால் எப்படி? 2014-இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் இதைத்தான் கேட்டார்கள்: பாலியல் வன்முறைக்கு அடுப்பு மருந்தாகுமா? தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் அவள் வெளியே போகத்தானே வேண்டும்? நல்ல அடுப்பை, அதனால் முடியாத வேலைக்குப் பொறுப்பாக்கினால் கெட்ட பெயர் அடுப்புக்குத்தான் வரும்.

செனகல் நாட்டு கிராமங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2013-இல் வெளியானது. சூரிய அடுப்பு கொடுத்த வீடுகளையும் கொடுக்காத வீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விறகுச் செலவில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. முக்கியமான காரணம் என்ன தெரியுமா? அங்கே கூட்டுக் குடும்பம். பாத்திரம் சின்னது. பாதிப் பேருக்கு வெயிலில், மீதிப் பேருக்கு விறகில் என்று எந்த ஊர்ப் பெண் இரண்டு சமையல் செய்வாள்? வாங்கிக் கொடுக்கும் முன்னால், ‘உங்க வீட்ல எத்தனை பேரும்மா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

கேட்ட இடங்களில் வேலை நடந்திருக்கிறது. ஆரோவில்லில் பொதுச் சமையற்கூடத்துக் கூரையில் 15 மீட்டர் விட்டத்தில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வெயிலைக் குவித்து நீராவியாக்கிக் கீழே அனுப்பினால், சுமார் ஆயிரம் பேருக்குச் சமைக்கலாம் என்று கணக்கு. மேகமூட்டம் என்றால் சாதாரண பாய்லர் கைகொடுக்கும். திருமலையில் 2002-இல் 106 வட்டில்களை நிறுத்தி, 15,000 பேர் சாப்பாட்டுக்கு நீராவி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். கவனியுங்கள், இங்கேயெல்லாம் வெயிலில் நிற்பது கண்ணாடி. சமையல்காரர் நிழலில் இருக்கிறார். இந்தியன் ஆயில் 2022-இல் காட்டிய ‘சூர்யா நூதன்’ அடுப்பும் இதே வழிதான். பேனல் மாடியில், அடுப்பு சமையலறையில், பகல் சூட்டைச் சேமித்துவைத்து ராத்திரியும் சமைக்கலாம். ‘அந்த அம்மாளுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்பதை விட்டுவிட்டு, அவள் சொன்ன குறையைத் தீர்க்கப் பார்த்த முயற்சி என்ற வகையில் இதை வரவேற்கிறேன். விலை அவள் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மார்க் போடாமல் விமர்சனத்தை முடித்தால் நீங்கள் விடமாட்டீர்கள். லீவு போட்டுவிட்டு, கரன்ட் இல்லாத இடத்தில் டெண்ட் அடிப்பவர்களுக்கு: நூற்றுக்கு 75. பெட்டியோ குழாயோ, தாராளமாக எடுத்துப்போங்கள். காட்டோரம் என்றால் கூடுதலாக 10. நம் வீட்டு அன்றாடச் சமையலுக்கு: 35, ஜஸ்ட் பாஸ். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அகதி முகாமுக்கு மார்க் போடும் யோக்கியதை எனக்கு இல்லை. அங்கே அந்த அட்டைக்கு முன்னால் நிற்கிற பெண்தான் போட வேண்டும்.

வரும் கோடையில் ஆசை இருந்தால் செய்து பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டைப் பெட்டி, நடுவில் கசக்கின நியூஸ்பேப்பர், உள்ளே அலுமினியம் ஃபாயில், மேலே ஒரு கண்ணாடி, கறுப்படித்த தூக்குச் சட்டி. பசங்களுக்கு ஒரு நாள் பொழுது போகும், பௌதிகமும் புரியும். ஆனால், யாராவது ‘வெயில் சும்மாதானே கிடக்கு’ என்று ஆரம்பித்தால், ஒன்று மட்டும் கேளுங்கள்: நடுப்பகலில் மாடியேறிப் பெட்டியைத் திருப்பிவைக்கப் போவது யார்?